செவிலியர் மேற்படிப்பு: எதைத் தேர்வது?

செவிலியர் பணியில் உயர விரும்பும் சகோதரிகள் பலர் நம் சங்கத்தில் உளர். பௌதிகம் பயிலும் எனக்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியராயிருக்கும் என் தமக்கைக்காக விதிகளைத் தேடிப் படித்தேன், அறிந்ததைக் கூறுகிறேன்.

நம் நாட்டில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கிற்று. இன்று ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரைத் தாங்கும் தில்லிக் கல்லூரி, 1959இல் மேற்பட்டப் படிப்பையும் தொடங்கியது.

மூன்றாண்டு டிப்ளோமா பெற்றவர் நேரே எம்.எஸ்ஸி.யில் சேர இயலாது. முதலில் இரண்டாண்டு 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்ஸி. முடிக்க வேண்டும். நான்காண்டு பி.எஸ்ஸி. படித்தவர்க்கு இத்தடை இல்லை. ஆயினும் ஓராண்டுப் பணி அனுபவமும் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும்.

எம்.எஸ்ஸி. இரண்டாண்டுப் படிப்பு. மருத்துவ-அறுவைச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என ஐந்து பிரிவுகள் உண்டு. ஆய்வேடும் எழுதவேண்டும். இப்பட்டம் பெற்றோர்க்குச் செவிலியர் கல்லூரி ஆசிரியப் பதவி வாய்க்கும். ஆனால், இப்பட்டத்தைப் பெற்றும் வார்டில் பழைய பணியையே பார்ப்போரும் உளர். பட்டம் வந்தால் ஊதியம் தானே உயரும் என்று எண்ணிவிடலாகாது.

மற்றொரு வழியும் உண்டு. தீவிர சிகிச்சைத் துறையில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் இரண்டாண்டு மேற்படிப்பு அது. வகுப்பறையைவிட நோயாளியின் கட்டிலருகிலேயே பெரும்பகுதி கழியும். ஆனால் அப்பட்டத்துக்குரிய பதவி எல்லா மருத்துவமனைகளிலும் இன்னும் ஏற்படவில்லை.

என் தமக்கையிடம் எல்லாரும் எம்.எஸ்ஸி.யையே சொன்னார்கள். "பாடம் சொல்லப் போய்விட்டால் நோயாளியை யார் பார்ப்பது?" என்றார் அவர். அவர் மனம் கட்டிலருகில் இருந்தது, பின்னதையே தேர்ந்தார். கற்பிப்பதில் நாட்டமுள்ளவர்க்கோ எம்.எஸ்ஸி.யே தக்கது.

இரண்டாண்டுச் சம்பளத்தை இழந்து, வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் நிறுத்திப் படிக்கும் படிப்பு இது. ஆதலின், சேருமுன் மூன்றை விசாரியுங்கள். கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் உண்டா? பயிற்சிக்குரிய மருத்துவமனையில் நீங்கள் எடுக்கும் பிரிவுக்குப் போதிய நோயாளிகள் வருகிறார்களா? இப்போது வேலை செய்யுமிடத்தில் படிப்பு விடுப்பும், திரும்பியபின் உரிய பதவியும் கிடைக்குமா? கடைசி வினாவுக்கு விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்ய விரும்பும் பணியை முதலில் தெளியுங்கள். படிப்பை அதற்கேற்பத் தேருங்கள்.