நாலாம் தவணை: விடுமுறையில் பிள்ளை வளர்ப்பு



நமது பாடசாலைகளில் வருடத்துக்கு மூன்று தவணை. முதல் தவணை முடிந்ததும் சித்திரை விடுமுறை. இரண்டாம் தவணை முடிந்ததும் ஓகஸ்ட் விடுமுறை. மூன்றாம் தவணை முடிந்தால் நத்தார் விடுமுறை. தவணைகளை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விடுமுறையை யார் பார்ப்பது? அதை நாலாம் தவணை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தவணைக்கு ஆசிரியர் நாம்தான்.

"பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, இனி இதுகளை என்னா செய்றது?" என்று லயத்தில் பேசிக்கொள்வதை எல்லோரும் கேட்டிருப்போம். பேசுவது நியாயந்தான். காலையில் பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்து வீடு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை பிள்ளை ரோட்டில் நிற்கிறது, அல்லது போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இம்முறை பாடத்தை யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். நம்மவர் பலர் நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போயிருப்பார்கள். குறிகட்டுவான் துறையில் படகேறியது ஞாபகம் இருக்கும். அதே துறையிலிருந்துதான் நெடுந்தீவுக்கும் படகு போகிறது. ஊர்காவற்றுறை பழைய துறைமுகப் பட்டினம், கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர். அங்கே மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. கடலும் பனையும்தான். ஆனால் தகப்பன் விடியுமுன் தொழிலுக்குப் போவதும், பிள்ளை வீட்டில் தனியாக நிற்பதும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இக்கட்டுரையைக் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் தங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ப்பில் எல்லோர் பாடும் ஒன்றே.

1. பொறுப்பைக் கொடுங்கள், தன்னம்பிக்கை வரும்

ஓகஸ்ட் மாதம் பனம்பழம் விழும் காலம். வடக்கிலே பிள்ளைகள் விடியற்காலையில் எழும்பி, யார் முந்துவது என்று பனையடிக்கு ஓடுவார்கள். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, வெயிலில் காயவைத்தால் பனாட்டு. மிச்சமான கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடினால், தை மாதமளவில் கிழங்கு கிண்டலாம். அதைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவில் கூழ். ஓகஸ்டில் பிள்ளை பொறுக்கிய பழம் தையில் வீட்டுக்குச் சாப்பாடாக வருகிறது. "இது நான் பொறுக்கின கொட்டை" என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதுதான் தன்னம்பிக்கை.

நம்மிடம் பனை இல்லை. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலம் இருக்கிறது. அதில் ஒரு பாத்தியை மட்டும் பிள்ளையின் பெயருக்கு விட்டுவிடுங்கள். கீரையோ முள்ளங்கியோ போடட்டும். இரண்டுமே சுருக்காக வளர்பவை. விதை வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும் அவன் பொறுப்பு. கோணலாக நட்டால் கோணலாகவே முளைக்கட்டும். பின்னால் போய் நீங்கள் திருத்தி நட்டால், "நமக்கு ஒன்னும் வராது" என்றுதான் பிள்ளை படிக்கும். பறித்த கீரையை அன்று இரவே சமைத்து, "இன்னைக்குக் கறி தம்பியோடது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். திட்டுவதென்றால் அடுத்த காமராவுக்குக் கேட்காமல் திட்டுங்கள்; புகழ்வதென்றால் லயம் முழுக்கக் கேட்கட்டும்.

2. முதலில் கேளுங்கள், பிறகு கண்டியுங்கள்

லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இயேசு பன்னிரண்டு வயதில் காணாமல் போன கதை இருக்கிறது. பாஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போன குடும்பம் ஊர் திரும்புகிறது. பிள்ளை உறவுக்காரரோடு வருகிறான் என்று நினைத்துப் பெற்றோர் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்குத்தான் அந்த வேதனை தெரியும். மூன்று நாளைக்குப் பின் ஆலயத்தில் கண்டுபிடித்தார்கள். போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

தாய் மரியாள் அப்போது என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தானும் தகப்பனும் பட்ட வேதனையைச் சொன்னார். பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் அதை மனதில் வைத்துக்கொண்டார். பிள்ளையும் பெற்றோரோடு ஊருக்குப் போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடந்தான் என்று கதை முடிகிறது.

நாம் என்ன செய்கிறோம்? முதலில் கை பேசுகிறது, பிறகுதான் வாய். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் கோபம் வருவது இயற்கை. ஆனால் அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது பொய் சொல்லத்தான். உண்மையைச் சொன்னால் வீட்டில் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, நாளைக்கு வெளியில் யாராவது தவறாக நடந்துகொண்டாலும் உங்களிடம் ஓடி வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போனை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்கு என்னா நடந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

3. தெரியாது என்று சொல்லவும் துணிவு வேண்டும்

ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தது. குருவாகப் படிக்க உரோமாபுரி வரை போய், 1938இல் குருப்பட்டம் பெற்றது. அவர்தான் சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அவர் படித்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல மொழி கற்ற அந்தக் குருவானவர் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தபோது, தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கவில்லையே என்று உணர்ந்தார். அப்போது முப்பதை நெருங்கும் வயது. வெட்கப்படாமல் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்து படித்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் படித்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடந்ததற்கு அவரே முன்னின்று உழைத்தார். 1980இல் காலமானார்.

நம் பிள்ளைகளில் சிலர் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியிருப்பார்கள். "இது மண்டு, இதுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். "தெரியாதா? வா, தெரிஞ்ச அக்காகிட்ட கேட்போம்" என்று சொல்லுங்கள். உங்கள் டிவிஷனில் சாதாரண தரம், உயர்தரம் படித்த அண்ணன் அக்காமார் இருப்பார்கள். விடுமுறையில் ஒரு மணிநேரம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

4. விசுவாசம் வீட்டில் முளைக்கும்

1990, 1991ஆம் ஆண்டுகளில் யுத்தத்தால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். ஆலயத்தைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது. வீட்டில் தாய் சொல்லிக்கொடுத்த செபம்தான் போன இடமெல்லாம் கூட வரும். நமது மூத்தவர்களுக்கும் இடம்பெயர்வு புதிதல்ல. 1958, 1977, 1983 எல்லாம் பார்த்தவர்கள்.

பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அந்த இளைஞனின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். நமது தோட்டங்களில் தாய் வெளிநாடு போயிருக்கும் வீடுகள் எத்தனையோ. அங்கே பாட்டிதான் லோவிசாள். பாட்டி படுக்குமுன் முழங்காலில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தனியாகப் பிரசங்கம் வேண்டியதில்லை.

உலகத்தில் ஞாயிறு பாடசாலை பரவிய கதையும் நமக்கு உரியது. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், வாரம் முழுக்க ஆலையில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார். எழுத்தும் வேதமும் சேர்த்துப் படிப்பித்தார்கள். 1898இல் நியூயோர்க்கில் ஹோஸ் என்ற அம்மையார், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து வேதப் பாடம் நடத்தினார். வேறு இடம் கிடைக்காததால் அவர் வாடகைக்கு எடுத்தது ஒரு சாராயக் கடைக் கட்டிடம். இடமில்லை, வசதியில்லை என்று நாம் சொல்ல முடியாது.

பிள்ளை மடுவத்திலோ ஆலய முன்றிலிலோ ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணிநேரம் போதும். இப்படி நடத்தலாம்:

முதல் நாள்: ஒரு பாட்டு, ஒரு வேதக் கதை. கதையைப் பிள்ளைகளே திருப்பிச் சொல்லட்டும்.
இரண்டாம் நாள்: கதையைப் படமாக வரைதல்.
மூன்றாம் நாள்: தனியாக இருக்கும் ஒரு முதியவரைப் போய்ப் பார்த்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, விறகு அடுக்கி வருதல்.
நான்காம் நாள்: நாடக ஒத்திகை.
ஐந்தாம் நாள்: பெற்றோர் முன் நாடகம்.

நாடகத்தை விளையாட்டென்று நினைக்காதீர்கள். 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், யாழ்ப்பாணத்தில் கிறிஸ்துவின் பாடுகளை நாடகமாகப் பல்லாண்டு மேடையேற்றியது. நமது தோட்டத்திலும் மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். ஆடுகளம் நமக்குப் பழக்கமானது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொடுத்த சிறுவனாக வந்து நின்று நாலு வசனம் பேசிவிட்டால், அடுத்த தவணையில் கை உயர்த்தும்.

5. பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள்

இனி முதலில் சொன்ன கவலைக்கு வருவோம். விடுமுறை தொடங்கினால் தெரிந்தவர் ஒருவர் வருவார். "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு துணிமணி எல்லாம் பாத்துக்குவாங்க. ரெண்டு கிழமைதான், லீவு முடிய அனுப்பிருவாங்க" என்பார். கடன் நெருக்கும்போது அந்தப் பேச்சு இனிக்கும். ஆனால் லீவு முடிந்தும் பிள்ளை வராது. அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியவும் வராது. கையில் காசு பார்த்து வந்த பிள்ளையும் திரும்ப வாங்கில் உட்கார மனம் வைக்காது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. வீட்டில் தாய்க்குக் கைகொடுப்பது வேறு, அந்நிய வீட்டில் கூலிக்கு நிற்பது வேறு. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பணக் கஷ்டம் என்றால் பிள்ளையை அனுப்புமுன் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சேர்ந்து வழி பார்ப்போம்.

வீட்டில் சேர்ந்து பேச

1. இந்த விடுமுறையில் நம் பிள்ளைக்கென்று கொடுக்கும் ஒரு பொறுப்பு எது?
2. கடைசியாக அவன் பேச்சை முழுதாகக் கேட்டது எப்போது?
3. நம்மைப் பார்த்து அவள் எந்தச் செபத்தை, எந்தப் பழக்கத்தைப் படிக்கிறாள்?
4. நமது டிவிஷனில் ஐந்து நாள் வகுப்பு நடத்த முன்வரக் கூடியவர் யார்?

நாலாம் தவணைக்குப் பரீட்சை இல்லை, ரிப்போட் கார்ட்டும் இல்லை. அடுத்த தவணை தொடங்கும் காலையில் நம் பிள்ளை சீருடை போட்டு, தலை நிமிர்ந்து பள்ளிக்கூடப் பாதையில் நடந்தால், நாம் பாஸ்.