வாத்து ஏன் விழவில்லை?



சென்ற சாரல் காலத்தில் அச்சன்புதூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மழை. நண்பர் பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். 1990-களில் அவருடைய மாமா வளைகுடாவிலிருந்து வாங்கி வந்த தொலைக்காட்சி விளையாட்டு அது. கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. அதைக் கையில் எடுத்ததும் நண்பருக்கு முப்பது வயது குறைந்துவிட்டது!

சுவரில் இருந்த தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்தார். வாத்துகள் பறந்தன, இசையும் வந்தது. ஆனால் எத்தனை முறை சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. "கெட்டுப்போச்சுப்பா, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடலாம்" என்றாள் மகள். நண்பரின் முகம் வாடிவிட்டது.

துப்பாக்கி உண்மையிலேயே கெட்டுவிட்டதா? பார்ப்போம்.

அந்த விளையாட்டு, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'டக் ஹன்ட்'. அதன் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. அது சுடுவதில்லை, பார்க்கிறது! குழாயினுள் ஒரு வில்லையும், ஒளி பட்டால் மின்குறி தரும் சிறு உறுப்பும் உள்ளன. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். கறுப்பின்போது இருளும் பிறகு ஒளியும் தெரிந்தால் குறி சரி. இரண்டு வாத்துகள் இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போது ஒளி தெரிந்தது என்பதிலிருந்து எந்த வாத்து என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் அறையின் மின்விளக்கு துப்பாக்கியைக் குழப்பாதா? இங்கேதான் அழகான இயற்பியல் வருகிறது. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை, நாம் புத்தகம் படிப்பதுபோல, திரையை வரி வரியாக வருடிச் செல்லும். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். வினாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 15,625 வரிகள்! கற்றை பட்ட புள்ளி பளிச்சிட்டு உடனே மங்கும். ஆகவே வெள்ளைக் கட்டம் நம் கண்ணுக்கு நிலையாகத் தெரிந்தாலும், துப்பாக்கிக்கு அது 64 மைக்ரோவினாடிக்கு ஒரு துடிப்பு. துப்பாக்கியின் மின்சுற்று ஏறக்குறைய இந்த அதிர்வெண்ணை மட்டுமே ஏற்கும். வினாடிக்கு 100 முறை துடிக்கும் குண்டு விளக்கை அது கண்டுகொள்ளாது.

தட்டைத் திரையிலோ எலெக்ட்ரான் கற்றையே இல்லை. பின்னொளி திரை முழுவதும் ஒருசேர எரிகிறது. வரித் துடிப்பு கிடையாது. மேலும், புதிய தொலைக்காட்சி படத்தைக் கணக்கிட்டுச் சீர்செய்து காட்டுவதற்குள் பல மில்லிவினாடிகள் கடந்துவிடுகின்றன. விளையாட்டுப் பெட்டி ஒளியை எதிர்பார்க்கும் நேரமோ ஒரு வருடல், அதாவது 20 மில்லிவினாடிதான். ஒளி வந்து சேரும்போது, குறி தவறியது என்று பெட்டி முடிவு செய்திருக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். பக்கத்து வீட்டில் படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்று துணி மூடிக் கிடந்தது. நல்லவேளை, இயங்கியது. (உங்கள் வீட்டில் இருந்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.) மகள் முதல் குறியிலேயே வாத்தை வீழ்த்தினாள். நண்பருக்கு நான்காவது குறிதான் பலித்தது; பழைய வீரர் அல்லவா!

துப்பாக்கி கிடைக்காதவர்கள் ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மினுங்கும். அது பெரும்பாலும் வினாடிக்கு 38,000 முறை துடிக்கிறது. வெயில் அடிக்கும் கூடத்திலும் தொலைக்காட்சி ரிமோட்டை மட்டும் அடையாளம் காண்பது எப்படி என்று இப்போது நீங்களே சொல்லலாம்.