பேட்டை இறுக்கி அழுத்தினால் நல்லதா?

கேள்வி: எட்டாவது படிக்கும் மகனுக்கு இங்கிலீஷ் வில்லோ பேட் வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது நல்லா பிரஸ் பண்ணினது சார், வருஷக்கணக்கா உழைக்கும். அது சாஃப்ட் பிரஸ், பந்து பறக்கும், ஆனா சீக்கிரம் விரியும். வேணும்னா மிஷின்ல போட்டு இறுக்கித் தரேன்" என்கிறார். எதை வாங்கலாம்?
— ஒரு தந்தை, சேலம்

பதில்: பிரஸ் பற்றி அவர் சொன்னது சரி. வில்லோ மெத்தென்ற மரம். அழுத்தாமல் அப்படியே இழைத்தால் நாலு ஓவரில் பேட் முழுக்கக் குழி விழும். அதனால்தான் மீரட்டானாலும் இங்கிலாந்தானாலும் பட்டறையில் கட்டையை ரோலருக்கு அடியில் பல தடவை ஓட்டுகிறார்கள். சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு வரைகூட அழுத்தம் கொடுப்பதுண்டு. பந்து படும் பக்கத்து நார்கள் நசுங்கி ஒரு கெட்டிப் படலமாகின்றன. உள்மரம் பழையபடி மெத்தென்றே இருக்கும். பந்தை எகிறவைப்பது இந்த இரண்டும் சேர்ந்துதான். படலம் போதாவிட்டால் பந்தின் வேகம் மரத்தைக் குழியாக்குவதிலேயே செலவாகிவிடும். இறுக்கம் ஆழமாகப் போய்விட்டாலோ மரம் அமுங்கித் திரும்பாது. சத்தம் 'டொக்' என்று செத்துக் கேட்கும், கையும் அதிரும்.

அழுத்துவதால் மரத்தின் கனம் குறையாது, பருமன்தான் குறையும். அந்தக்கால பேட்டுகள் ஒல்லியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று மரத்தை நன்றாகக் காயவைத்து இலேசாக அழுத்துவதால் அதே எடையில் தடித்த விளிம்பு கிடைக்கிறது. அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2017-ல் விளிம்பு 40 மி.மீ., பருமன் 67 மி.மீ. தாண்டக் கூடாது என்று விதியே போட்டது. இந்தத் தடித்த விளிம்புக்காக விட்டுக்கொடுத்தது பேட்டின் ஆயுளை. சர்வதேச ஆட்டக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை, ஸ்பான்சர் அடுத்ததை அனுப்பிவிடுவார்!

கடையில் இருப்பது பெரும்பாலும் நாக்கிங் மிஷினாகத்தான் இருக்கும். சுத்தியல் தட்டுவதுபோல் முகத்தில் தட்டும். அதில் தவறில்லை. ஆனால் விளிம்பையும் அடிமுனையையும் கையால்தான் தட்ட வேண்டும். பேட் விரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். மரச்சுத்தியலை விளிம்பில் நேராக இறக்காமல் சாய்த்துத் தட்டி, கூர்மையை மழுங்கச் செய்யுங்கள். அதற்கு முன் பச்சை ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு; கைப்பிடி செருகிய இடத்தில் படக் கூடாது. பிறகு பழைய லெதர் பந்தை அதன்மேல் தட்டிப் பாருங்கள். தையல் தடம் பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும். ஒருவேளை அவர் வைத்திருப்பது நிஜமாகவே ரோலர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதுகு செதுக்கி முடித்த பேட்டில் அழுத்தம் சீராக விழாது.

என் ஓட்டு சாஃப்ட் பிரஸ்ஸுக்கு. வளரும் பையனுக்கு இரண்டு வருடத்தில் இந்த பேட்டே சின்னதாகிவிடும், பிறகு 'வருஷக்கணக்கா' உழைத்து என்ன பயன்? ஒன்று மட்டும்: வலைப்பயிற்சிக்குப் பழைய பேட்டையே கொடுத்தனுப்புங்கள். புதுசு மேட்சுக்கு மட்டும்.