மாந்தளிர் நிறம்

ராஜபாளையம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நலம். நீயும் நலம் என்றுதான் போனில் சொன்னாய்; குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. உன் அம்மா எல்லாம் சொன்னாள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி' என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது, அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடாதது, ஏதோ கிளினிக்கில் நாள் குறித்திருப்பது. போவதும் போகாததும் உன் இஷ்டம். சம்பாதிக்கிற பெண், தடுக்க நான் யார்? ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போ.

நம் வீட்டில் இது புதுப் பேச்சா? என் பாட்டி எனக்கு வைத்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும். கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் எரிந்ததுதான் மிச்சம். அப்போது எனக்குக் கைகொடுத்தது குறுந்தொகை. வாத்தியாரம்மா பாடத்தை ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிக்காமல் படி.

நம் பழைய பாட்டுகளில் அழகான பெண்ணின் மேனிக்கு மாந்தளிரைச் சொல்வார்கள். மாந்தளிர் என்றால் பச்சை என்று நினைக்கிறீர்கள் பட்டணத்துப் பிள்ளைகள். கொழுந்து விட்ட புதிதில் அது கருஞ்சிவப்பு, செம்பின் மினுமினுப்பு, கையில் எடுத்தால் துவளும். பச்சையாவதெல்லாம் பிறகு. கார் ஷெட்டுக்காக உன் அப்பா பின்கட்டு மாமரத்தை வெட்டாமல் இருந்திருந்தால் இதை நீயே பார்த்திருப்பாய். உன் தாத்தா வைத்த சப்பட்டை மரம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஷெட்டில் இன்று கார்கூட இல்லை, உடைந்த பீரோவும் சைக்கிளும்தான் கிடக்கின்றன. சரி, விடு.

நிறம் வெளிறிப்போவதை அந்தக் கவிஞர்கள் நோயாகவே பார்த்தார்கள். பிரிவில் வருகிற பசலை அது. வெள்ளிவீதியார் பாட்டில் ஒருத்தி, கன்றுக்கும் இல்லாமல் பாத்திரத்துக்கும் இல்லாமல் மண்ணில் கொட்டிய பாலைப்போலத் தன் மாமை, அதாவது அந்த மாந்தளிர் நிறத்து அழகு, பசலைக்கு இரையாகிறதே என்று புலம்புகிறாள். இன்னொருத்தி, தன் நெற்றி என்ன நிறமாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிய, தோட்டத்துப் பீர்க்கம்பூவை யாராவது கொண்டுபோய்க் காட்ட மாட்டார்களா என்று ஏங்குகிறாள். பரணருக்கோ பசலை ஊர்க் கேணியில் படர்ந்த பாசி. அவன் கை பட்ட இடத்தில் விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்தப் பெண்கள் எந்த நிறம் போகிறதே என்று அழுதார்களோ, அந்த நிறத்தைப் போக்கத்தான் நீ காசு கட்டப் போகிறாய்.

1975-ல் கடைக்கு வந்த அந்தப் பிரபலமான க்ரீமே 2020-ல் 'ஃபேர்' என்பதைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. நம் சொந்தக்காரர்கள் வாயிலிருந்துதான் அது இன்னும் போகவில்லை. அந்த வரன் தட்டிப்போனது நல்லதே. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நம் வீட்டுப் பெண்ணைப் பார்க்கத் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதே தங்கம். நீ என்ன முடிவெடுத்தாலும் அத்தை உன் பக்கம்தான். கிளினிக்குக்கே போவதென்றாலும் சொல், பஸ் ஏறி வந்து கூட உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு டப்பா கொரியரில் போட்டிருக்கிறேன். உ.வே.சா. உரையோடு குறுந்தொகையும் அதே பார்சலில் வரும். 27, 98, 399 மூன்று பாட்டுக்கும் பக்கம் மடித்து வைத்திருக்கிறேன். பால்கோவாவை ரூமில் எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு நீ சும்மா இருக்காதே. முதலில் நீ சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அத்தை