பான் உங்களுடையது, வியாபாரம் அவருடையது: வெளியே வரும் வழி

"பேரு மட்டும்தான் உன்னோடது, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்." கணவரோ மாமனாரோ அண்ணனோ இப்படிச் சொல்லி ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிப் போவது நம்மூரில் புதிதல்ல. பழைய கடையின் பேரில் வரிப் பாக்கி நிற்கும், வங்கி கடன் தராது. உடனே மனைவி பேரில் புதிய ஜிஎஸ்டி பதிவு, நடப்புக் கணக்கு. வரவு செலவு எதுவும் அவர் கண்ணில் படாது. பாக்கி ஏறிய பிறகு நோட்டீஸ் மட்டும் அவர் பேருக்கு வரும், அவருடைய வங்கிக் கணக்கு முடங்கும். தனிநபர் நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் சட்டத்தின் கண்ணில் வியாபாரி அவர்தான்.

முகம் தெரியாதவர்களும் இதைச் செய்கிறார்கள். 2023-இல் நொய்டா போலீசாரிடம் சிக்கிய கும்பல், பிறருடைய பான் விவரங்களை வைத்து 2,600-க்கும் அதிகமான போலி நிறுவனங்களைப் பதிவு செய்திருந்தது. 2025 மார்ச்சில் அலிகரைச் சேர்ந்த பழச்சாறு வியாபாரி ஒருவருக்கு 7.79 கோடி ரூபாய் கேட்டு வருமான வரி நோட்டீஸ் வந்தது. ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதிலிருந்து மீள்வதே கடினம். அங்கே ஓடிபி சொன்னதும் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பெண்ணேதான்.

1. சத்தமில்லாமல் பார்ப்பது

ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அந்த எண்ணில் உள்ள எல்லாப் பதிவுகளும் வரும். லாகின் தேவையில்லை, ஓடிபி யாருக்கும் போகாது. ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண்ணேதான். உள்ளே போனால் கடையின் பெயர், முகவரி, பதிவான தேதி, எந்த வரி அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதெல்லாம் தெரியும். பிரிண்ட் எடுத்து அம்மா வீட்டிலோ தோழியிடமோ கொடுத்து வைக்க வேண்டும். அதுவரை வீட்டில் வாய் திறக்கக்கூடாது.

2. ஆதாரில் செல்போன் எண்

ஆதாரில் கணவரின் எண் இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். ஆதார் மையத்தில் கைரேகை போதும், ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். எண் மாறியதும் ஆதார் ஓடிபி மூலம் வருமான வரிக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். உள்ளே ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கும். வட்டி, சொத்து, பங்கு, ஜிஎஸ்டி விற்றுமுதல் என்று தன் பான் எண்ணில் பதிவானவற்றை அதில் பார்க்கலாம். தனக்குச் சம்பந்தமில்லாத வரவுக்கு அங்கேயே மறுப்பு பதிவு செய்யவும் வழி உண்டு.

3. ஜிஎஸ்டி லாகினைக் கைப்பற்றுவது

பெரும்பாலோர் நின்றுபோவது இங்கேதான். பதிவில் இருக்கும் செல்போனும் மின்னஞ்சலும் கணவருடையவை அல்லது அவருடைய ஆடிட்டருடையவை. பாஸ்வேர்டை மறந்ததாக எத்தனை முறை அழுத்தினாலும் ஓடிபி அவர்களுக்கே போகும், அவர்கள் உஷாராவதுதான் மிச்சம். அதனால் கணினிப் பக்கமே போகாமல், தேடலில் தெரிந்த வரி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். ஆதார், பான், தொழிலுக்கான ஆவணங்களில் கிடைத்தவை, ஒரு கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். பதிவில் உள்ள மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் மாற்றித் தற்காலிக பாஸ்வேர்டு தரும் வசதி அந்த அதிகாரிக்கு இருக்கிறது. "ஆன்லைனில் போடுங்கம்மா" என்று திருப்பி அனுப்பினால் கிளம்பிவிடக் கூடாது. கடிதம் இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்கக் கூடாது.

கடிதத்தில் உண்மையை மட்டும் எழுத வேண்டும். முன்பின் தெரியாதவர் செய்த மோசடி என்றால் அப்படியே எழுதலாம், பான் தேடல் பக்கத்திலேயே புகார் தரலாம், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லலாம். தானே ஓடிபி கொடுத்திருந்தால் "எனக்கு எதுவுமே தெரியாது" என்று எழுதவே கூடாது. ஆதார் ஓடிபி பதிவு அதைப் பொய்யாக்கிவிடும், பிறகு மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். யார் கேட்டார், என்ன சொல்லி மிரட்டினார், வங்கிக் கணக்கை யார் இயக்குகிறார் என்று தேதி வாரியாக எழுதுவதே பலம்.

4. பதிவை ரத்து செய்வது

லாகின் கிடைத்த அன்றே ரத்து விண்ணப்பம். விண்ணப்பித்ததும் பதிவு இடைநிறுத்தப்படும், அந்த எண்ணில் மேற்கொண்டு விற்பனை செய்ய முடியாது. பழைய பாக்கி இதனால் அழியாது, புதிதாக ஏறுவது நிற்கும். கூட்டு நிறுவனம் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. பங்குதாரர் விலகிய ஒரு மாதத்துக்குள் ஜிஎஸ்டி ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள்வரை பொறுப்பு தொடரும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 90-ஆவது பிரிவு. வீட்டில் எழுதிக்கொண்ட விலகல் பத்திரம் மட்டும் போதாது.

5. நோட்டீசுக்குப் பதில்

குறித்த தேதிக்குள் பதில் போயே ஆக வேண்டும். உத்தரவே வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். வழக்கிலுள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கணவரின் ஆடிட்டரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

வரி விவகாரத்தைத் தாண்டியும் பாதுகாப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. அடி விழும் வீடு என்றால் லாகினை மாற்றுவதற்கு முன்பே இந்த எண்களை அழையுங்கள்.