குடிப்படையும் ஆயுத உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியற் சாசனத்தில் இரண்டாவது திருத்தம் என வழங்கும் விதியொன்று உண்டு. ஆங்கில மூலத்தில் அது 27 சொற்களாலாய ஒற்றை வாக்கியம். ஒழுங்குற அமைந்த குடிப்படை சுதந்தர நாடொன்றின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாதலின், ஆயுதங்களை வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது அதன் கருத்து. இச்சிறு வாக்கியத்தைப் பற்றி அந்நாட்டில் எழுந்த வழக்குகளும் நூல்களும் பல. ஒரு சாரார் முற்பகுதியைப் பற்றி நின்று, இது படையைக் குறித்த விதி என்பர். மற்றொரு சாரார் பிற்பகுதியைப் பற்றி நின்று, இது தனி மனிதனது உரிமை என்பர். இக்காலத்து அவ்விதியால் விளையும் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. அதனை இயற்றியோர் எதற்கு அஞ்சி இயற்றினர் என்பதையே ஈண்டுக் காணப் புகுகின்றோம்.

அவர்கள் முதலாவதாக அஞ்சியது கள்வரையன்று, நிலைச்சேனையை. நிலைச்சேனையாவது, போர் இல்லாக் காலத்தும் கலைக்கப்படாது, ஊதியம் பெற்று, ஆள்வோரின் கட்டளையொன்றையே நோக்கி நிற்கும் படை. குடிப்படையாவது, உழவனும் கொல்லனும் வணிகனும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, குறித்த நாட்களிற் கூடிப் பயின்று, ஆபத்து நேர்ந்தபோது தத்தம் துப்பாக்கியுடன் வந்து அணிவகுக்கும் படை. ஆங்கிலத்தில் இதனை மிலிஷியா என்பர்.

இவ்வச்சம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்ததென்னலாம். இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் பார்லிமெண்டின் இசைவின்றி நிலைச்சேனை வைத்தான் என்பதும், புராட்டஸ்டண்டு மதத்தினரின் ஆயுதங்களைப் பறித்தான் என்பதும் அவன்மீது சாட்டப்பெற்ற குற்றங்களுள் அடங்கும். அவன் நாட்டைவிட்டோடிய பின்னர், 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் அவ்விரண்டையும் அடுத்தடுத்தே வைத்து விலக்கியது. புராட்டஸ்டண்டுக் குடிகள் தம் நிலைக்கேற்பவும், சட்டம் இடங்கொடுக்கும் அளவிலும், தற்காப்பிற்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்பது அதன் விதி. வரையறை மிக்க உரிமையே அது. ஆயினும் படையைப் பற்றிய அச்சமும் ஆயுத உரிமையும் ஒருங்கே நிற்றலை மாணவர் கருத்திற் கொள்க.

அமெரிக்கக் குடியேற்றத்தாருக்கு இது வெறும் ஏட்டறிவாக நின்றுவிடவில்லை. 1775 ஏப்ரல் 19-ஆம் நாள், பாஸ்டன் நகரிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் ஏறக்குறைய 700 பேர், கங்கார்டு என்னும் ஊரில் குடிகள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றப் புறப்பட்டனர். வழியில் லெக்சிங்டனிலும், பின்னர்க் கங்கார்டிலும் குடிப்படையினர் எதிர்நின்றனர். சுதந்தரப் போர் அங்ஙனம் தொடங்கிற்று. ஆயினும் அப்போரை நடத்திய வாஷிங்டனுக்குக் குடிப்படையிடத்து நம்பிக்கை மிகக் குறைவு. விதைப்பும் அறுப்பும் வந்தால் வீட்டை நினைக்கும் படையைக் கொண்டு நெடும்போர் செய்வது எங்ஙனம்? கதைகளிற் பாடப்பெறும் குடிப்படை வேறு, களத்திற் கண்ட குடிப்படை வேறு.

ஆகவே 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பெற்ற சாசனம், சேனை திரட்டும் அதிகாரத்தைக் காங்கிரஸ் சபைக்கு வழங்கிற்று. அதற்கான பணத்தை மாத்திரம் ஒருமுறைக்கு இரண்டாண்டுக்கு மேல் ஒதுக்கலாகாது என்றது. குடிப்படையை அமைக்கவும், அதற்கு ஆயுதமளிக்கவும், ஒழுங்கு வகுக்கவும் உரிய அதிகாரமும் அச்சபைக்கே சென்றது. அதிகாரிகளை நியமித்தலும் பயிற்றுதலுமே ராஜ்யங்களுக்கு எஞ்சின. பூசல் இங்கேதான் விளைந்தது. 1788-இல் வர்ஜீனியாவில் கூடிய சபையில் ஜார்ஜ் மேசன் என்பார் கூரிய வாதமொன்றை எடுத்துரைத்தார்: குடிகளின் ஆயுதத்தை வெளிப்படையாகப் பறிக்க வேண்டுவதில்லை, ஆயுதமளியாது வாளாவிருந்தாலே குடிப்படை தானே அழிந்தொழியும், பின்னர் நிலைச்சேனை வைக்க அதுவே காரணமாகும் என்பது அது. இதற்கு மறுதலையாக ஜேம்ஸ் மாடிசன், அவ்வாண்டு ஜனவரியில் எழுதிய கட்டுரையொன்றில், நாடு தாங்கக்கூடிய நிலைச்சேனை 25,000 அல்லது 30,000 பேரைக் கடவாதென்றும், அதனை எதிர்க்க ஏறக்குறைய 5 லட்சம் குடிப்படையினர் உளரென்றும் கணக்கிட்டுக் காட்டினார்.

எனினும் மாடிசனே 1789 ஜூன் 8-ஆம் நாள் திருத்தங்களைச் சபை முன் வைத்தார். அவரது முதற் படிவத்தில் மக்களின் உரிமை முன்னும் குடிப்படை பின்னுமாக நின்றன. இறுதியில் மூன்றாவதொரு பகுதியும் இருந்தது: மத நம்பிக்கையால் ஆயுதமெடுக்க மனம் ஒவ்வாதவரை நேரிற் படைத்தொழில் செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்பதே அது. குவேக்கர் முதலியோரைக் கருதியது இது. இதனை எல்பிரிட்ஜ் கெரி என்னும் உறுப்பினர் எதிர்த்தார். இன்னார் மனம் ஒவ்வாதவர் என்று அரசாங்கமே தீர்மானித்து, அவரைப் படையினின்று விலக்கிவிடின் குடிப்படை என்னாவது என்பது அவர் ஐயம். அப்பகுதி முடிவில் நீக்கப்பட்டது. நீங்கிய அப்பகுதியே நமக்குச் சிறந்த சான்றாகின்றது. வேட்டையாடுதலும் வீடு காத்தலும் மாத்திரமே பொருளாயின், படைத்தொழிலினின்று விலக்களிக்கும் பேச்சுக்கு அவ்வாக்கியத்தில் இடமேது? இரண்டாவது என்னும் எண்ணும் தற்செயலாய் வந்ததே. ராஜ்யங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டில் இது நான்காவது. முதலிரண்டும் அப்போது நிறைவேறாமையால், 1791 டிசம்பர் 15-இல் இரண்டாவதாயிற்று.

ஆயுதம் அக்காலத்தில் உரிமையாயிருந்ததோடு கடமையாகவும் இருந்தது. 1792-ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம், 18 வயது நிரம்பி 45 வயதுக்குட்பட்ட உடல் வலிமையுள்ளோர் ஒவ்வொருவரும் ஆறு திங்களுக்குள் துப்பாக்கி, அதன் முனையிற் செருகும் ஈட்டி, இரண்டு உபரிச் சிக்கிமுக்கிக் கற்கள், முதுகுப்பை, 24 தோட்டாக்கள் கொள்ளும் பை ஆகியவற்றைத் தம் செலவிலேயே வாங்க வேண்டுமெனப் பணித்தது. ஆனால் இப்பட்டியலில் இடம்பெற்றோர் சுதந்தரமான வெள்ளை ஆடவர் மாத்திரமே. தென் ராஜ்யங்களிலோ அடிமைகளை அடக்குவதும் குடிப்படையின் வேலையாயிருந்தது. வர்ஜீனியா சபையில் பாட்ரிக் ஹென்றி, அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் காங்கிரஸின் தலையீடின்றி ராஜ்யம் அடக்க இயலாதே என்று முறையிட்டதும் பதிவாகியுள்ளது. சுதந்தரம் காக்கும் படையென்று புகழப்பெற்றதே, பிறர் சுதந்தரத்தைத் தடுத்துநின்ற கொடுமையை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது.

தனி மனிதனது தற்காப்பை அக்காலத்தார் நினையாதிருந்தனர் என்றும் நாம் கொள்ளற்க. பென்சில்வேனியாவின் 1776-ஆம் ஆண்டுச் சாசனம், மக்கள் தம்மையும் ராஜ்யத்தையும் காக்க ஆயுதம் தாங்கலாமென இரண்டையும் சேர்த்தே கூறியது. பிற்காலத்தில் பழைய குடிப்படை மெல்லமெல்ல மறைந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேஷனல் கார்டு என்னும் படை அதனிடத்தைப் பெற்றது. தன் துப்பாக்கியைத் தானே கொணரும் வழக்கம் ஒழிந்தது; வாக்கியம் மாத்திரம் நின்றது. 1939-இல் உச்ச நீதிமன்றம், குழல் குறுக்கிய துப்பாக்கியொன்றைப் பற்றிய மில்லர் வழக்கில், ஒழுங்கான குடிப்படையோடு அதற்குத் தொடர்பு காட்டப்படவில்லையென்று கூறிப் பாதுகாப்பளிக்க மறுத்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில், ஐவருக்கு நால்வராகப் பிரிந்து, வீட்டில் தற்காப்பிற்குக் கைத்துப்பாக்கி வைத்தல் தனி மனிதனது உரிமையென அதே மன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஸ்காலியா, அவ்வுரிமை சாசனத்தில் எழுதப்பெற்றமைக்குக் காரணம், புதிய அரசாங்கம் ஆயுதம் பறித்துக் குடிப்படையை அழிக்குமென்ற அச்சமே என ஒப்புக்கொண்டார். மாறுபட்ட ஸ்டீவன்ஸும் அவ்வச்சத்தையே காரணமாகக் காட்டினார். அவர்கள் பிரிந்தது, எழுதக் காரணமாயிருந்த நோக்கம் உரிமைக்கு எல்லையுமாகுமா என்னும் அவ்வொரு வினாவிலேயாம்.