இதயக் கதவைத் திறந்த கருவிகள்

செந்தூலுக்கு அருகே, துன் ரசாக் சாலையில் தேசிய இருதயக் கழகம் அமைந்துள்ளது. 1992ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இம்மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை அன்றாடப் பணியாகிவிட்டது. ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் கத்தி வைக்கவே மருத்துவர்கள் தயங்கினர். துடிக்கும் இதயத்தை நிறுத்திவைக்கவும் வழியில்லை. அதன் உள்ளே பார்க்கவும் வழியில்லை. அத்தகைய காலத்தில் அவர்களுக்குத் துணைநின்றவை சில எளிய கருவிகளே.

இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மைட்ரல் வால்வு உள்ளது. இரண்டு இதழ்களைக் கொண்ட இது, இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிடும் கதவைப் போன்றது. சிறுவயதில் தொண்டையில் ஏற்படும் ஒருவகைக் கிருமித்தொற்றைக் கவனியாது விட்டால், சிலருக்கு வாதக் காய்ச்சல் வரும். அதன் விளைவாக வால்வு இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் வழி, 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடலாம். அப்போது இரத்தம் நுரையீரலில் தேங்கும். நோயாளி சில படிகள் ஏறுவதற்குள் மூச்சுத் திணறுவார்.

1923இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், எலியட் கட்லர் என்ற மருத்துவர் 12 வயதுச் சிறுமியின் வால்வைச் சிறு கத்தியால் கீறினார். அச்சிறுமி பிழைத்தாள். பின்னர், வால்வின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் கருவியை அவர் பயன்படுத்தினார். அடுத்து வந்த நோயாளிகளோ நீண்ட நாள் பிழைக்கவில்லை. வெட்டப்பட்ட கதவு மூடாமல் போக, இரத்தம் பின்னோக்கிக் கசிந்ததே பெருஞ்சிக்கலாயிற்று.

1925இல் லண்டனில் ஹென்றி சௌட்டர் வேறு வழியை நாடினார். இதயத்தின் மேலறை வழியாகத் தம் சுட்டுவிரலையே உள்ளே செலுத்தி, வால்வை விரித்தார். நோயாளி நலம் பெற்றார். ஆயினும், வேறெந்த நோயாளியும் அவரிடம் அனுப்பப்படவில்லை. அம்முயற்சி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்தது.

1948இல் பிலடெல்பியாவின் சார்லஸ் பெய்லி, விரலோடு சிறு வளைகத்தியையும் பயன்படுத்தி வெற்றி கண்டார். அதற்கு முன் அவருடைய நான்கு நோயாளிகள் உயிரிழந்திருந்தனர். விரல் நுழையும் துளையைச் சுற்றிச் சுருக்குப்பையைப் போல நூலோட்டி இறுக்கியதால், இரத்தம் பீறிடாமல் தடுக்க முடிந்தது.

1950களில் எடின்பர்க்கின் ஆண்ட்ரூ லோகனும் லண்டனின் ஆஸ்வால்டு டப்ஸும் வால்வு விரிப்பான்களைப் பயன்படுத்தினர். டப்ஸ் விரிப்பானின் இரு தகடுகளும் மூடிய நிலையில் கீழறை நுனி வழியாக உள்ளே செல்லும். மேலறையில் உள்ள விரல் அதற்கு வழிகாட்டும். கைப்பிடியை அழுத்தினால் தகடுகள் விரியும். எவ்வளவு விரிய வேண்டும் என்பதை ஒரு திருகாணி கட்டுப்படுத்தும். ஒட்டிய ஓரங்கள் பிரிந்தன, இதழ்கள் காக்கப்பட்டன.

இம்மூடிய முறைக்கு விலையுயர்ந்த இதய நுரையீரல் இயந்திரம் தேவையில்லை. எனவே, இந்தியாவில் டப்ஸ் விரிப்பான் நீண்ட காலம் பயன்பட்டது. தமிழ்நாட்டின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கு 1956 முதல் 1980 வரை 3,724 பேருக்கு மூடிய முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன் விவரங்களை மருத்துவர் ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 1983இல் வெளியிட்டனர்.

1982இல் ஜப்பானின் கான்ஜி இனோவே, நெஞ்சைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியே சிறு பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார். கருவி மாறினாலும், வெட்டி எறியாமல் ஒட்டியதைப் பிரிப்பது என்ற பாடம் மாறவில்லை. தொண்டைத் தொற்றுக்கு உரிய காலத்தில் மருந்து எடுத்துக்கொண்டால், வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். இதயக் கதவைத் திறக்க எந்தக் கருவியும் தேவைப்படாது.